இன்சூரன்ஸ் தரலைன்னா கைக்காசு போட்டு எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கலாமா?

சுகர் இருக்கு, டாக்டரும் தேவைன்னு சொல்லிட்டார், அப்புறம் வர்ற செலவையும் தாங்க முடியும்னா பண்ணிக்கங்க. நான் பண்ணிக்கிட்டேன். ஈரோட்டுல ஒரு தனியார் ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர், கல்யாண வளையலையும் ஆரத்தையும் பேங்க்ல வெச்சுத்தான் பணம் கட்டினேன். "காசு இருக்கறவங்க பேசறாங்க"ன்னு யாராவது கமெண்ட் போடுவீங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன்.

நீங்க எத்தனை பிஎம்ஐன்னு (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) எழுதல. என்னை மாதிரி நடுவுல மாட்டினவங்களா இருப்பீங்கன்னு நெனச்சுத்தான் எழுதறேன். நான் 155 செ.மீ., 82 கிலோ, அதாவது பிஎம்ஐ 34. மூணு மாச சுகர் ஆவரேஜ் (ஹெச்பிஏ1சி டெஸ்ட்) 9.1, ரெண்டு வேளை இன்சுலின். நம்ம ஊர்க்காரங்களுக்கு வயித்துக்குள்ள கொழுப்பு சீக்கிரம் சேரும், கம்மி எடைலயே சுகர் வந்துரும், அதனால இங்க சர்ஜன்கள் 37.5 இருந்தா, இல்ல சுகர் மாதிரி வியாதியோட 32.5 இருந்தாலே ஆபரேஷனுக்கு எடுத்துக்கறாங்க. ஆனா 2020 அக்டோபர்ல இருந்து எல்லா பாலிசிலயும் வர்ற, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐயோட விதி என்ன சொல்லுதுன்னா பிஎம்ஐ 40 இருக்கணும், இல்லாட்டி 35ஆவது இருந்து கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), கட்டுக்குள்ள வராத சுகர்னு ஏதாவது இருக்கணும், அதோட டயட் மருந்தெல்லாம் பார்த்தும் பலிக்கலைன்னு இருக்கணும். நான் 34. வருஷம் தவறாம பிரீமியம் கட்டியும் ஒரு பாயிண்ட்ல போச்சு. இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்த பொண்ணு "அப்ப இன்னும் ரெண்டு மூணு கிலோ ஏத்திட்டு வாங்க மேடம்"னு சொல்லுச்சு, சுகர் 9 இருக்கறவகிட்ட. அந்த கோபம் இன்னும் போகல.

வீட்டுல அதுக்கு மேல. அத்தை "வாயக் கட்டினா போதாதா, நல்ல ஒடம்ப எதுக்கு அறுக்கோணும்"னாங்க. நாத்தனார் குடும்பத்துக்கே இதை அழகுக்குப் பண்ணிக்கறதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நான் வாயக் கட்டாம இல்லைங்க. வாக்கிங், பேலியோ, டயட்டீஷியன் எல்லாம் போயாச்சு, குறையும், திரும்ப ஏறும், இன்சுலின் போடப் போட இன்னும் ஏறும். எங்கப்பா சுகர்ல கால் எடுத்து, டயாலிசிஸ் போயி இறந்தவர். அந்த வரிசைல அடுத்து நான் நிக்க விரும்பல, அவ்வளவுதான் என் கணக்கு. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரே வார்த்தைல "பண்ணிக்க"ன்னார், அத மறக்க மாட்டேன்.

கோயம்புத்தூர்ல பண்ணினது. எனக்கு நெஞ்செரிச்சல் ஜாஸ்தி, இரைப்பைல பெரும்பகுதிய வெட்டி எடுக்கற ஸ்லீவ்ல அது கூடலாம்னு, இரைப்பைய சின்னப் பையாக்கி சிறுகுடலோட சேர்க்கற பைபாஸ் பண்ணினாங்க. பேக்கேஜ் 3.4 லட்சம்னு சொன்னாங்க. எண்டோஸ்கோப்பி, எக்கோ, தூக்கத்துக்கான டெஸ்ட் எல்லாம் அதுல வராதுன்னு பில்லுல பார்த்துத்தான் தெரிஞ்சுது. இரைப்பைய வெட்டித் தைக்கற ஸ்டேப்ளர் செலவு பேக்கேஜுக்கு உள்ளயா வெளியவா, தையல்ல கசிவு வந்து திரும்ப தியேட்டர் போக வேண்டியிருந்தா அந்த செலவு யாரோடது, ஐசியூ அங்கயே இருக்கான்னு எழுதி வாங்கிக்கங்க. 2024ல சென்னைல ஒரு இளைஞர் இந்த ஆபரேஷன்ல இறந்துபோன செய்தி எல்லாரும் பார்த்தோம். சின்ன ஆபரேஷன்னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. கம்மி ரேட்டுன்னு மட்டும் பார்த்து எடத்த முடிவு பண்ணாதீங்க.

லீவு வேணும்னு மே மாசம் வெச்சுக்கிட்டேன், இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், எங்க ஸ்கூல்ல மே மாசம் சம்பளமே கிடையாது. பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்கு எங்க உழைப்பு வேணும், ஃபிளெக்ஸ்ல மார்க் போட்டுக்க வேணும், ஆனா ஒரு மாசம் அடுப்பு எரியாதா எங்க வீட்டுல? நகைக்கடன் வட்டி ஒரு பக்கம், சம்பளம் இல்லாத மாசம் ஒரு பக்கம். தனியார் ஸ்கூல் டீச்சருங்களுக்குக் கேக்க நாதியில்ல. சரி, அத விடுங்க.

ஆபரேஷன் காசு ஒரு தடவை, அப்புறம் வர்ற காசு ஆயுசுக்கும். பைபாஸ் பண்ணினா பி12, அயர்ன், கால்சியம், விட்டமின் டி நிறுத்தவே கூடாது, அயர்னும் கால்சியமும் ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடணும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன், சைவம்னா பவுடர் இல்லாம கஷ்டம். எனக்கு மாத்திரை, பவுடர் சேர்த்து மாசம் நாலாயிரத்துக்கு மேல. அப்பப்ப ரத்த டெஸ்ட். மூணாவது மாசத்துல இருந்து முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, அப்புறம் வளர்ந்துச்சு. மூட்டு வலிக்கு சும்மா கடைல பெயின் கில்லர் வாங்கிப் போட முடியாது, புண்ணு வந்துரும். கல்யாணத்துல அரை பாதுஷா சாப்ட்டா போதும், வேர்த்து நெஞ்சு படபடன்னு அடிக்கும்.

இவ்வளவும் இருந்தும் இப்ப 61 கிலோ. மூணு மாச சுகர் ஆவரேஜ் 5.9. இன்சுலின் நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சுகர் திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ணல, சிலருக்கு வரும்னு டாக்டரே சொன்னார். வராத வரைக்கும் என் கண்ணும் கிட்னியும் எனக்கு லாபம்.

ஊசி போட்டா போதாதான்னு கேப்பாங்க. சுகருக்கும் எடை குறைக்கவும் போடற மவுஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சுல இங்க வந்தப்ப 5 மில்லிகிராம் 4,375 ரூபா, வாரம் ஒண்ணு, மாசம் பதினேழாயிரத்துக்கும் மேல. நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்ப ஏறுது. என் சம்பளத்துக்கு அது ஆகாது, உங்களுக்கு ஒத்து வரலாம், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

கடைசியா, நீங்க பிஎம்ஐ 35 இல்ல அதுக்கு மேலன்னா கைக்காச எடுக்காதீங்க இப்பவே. டயட்டீஷியன் சீட்டு, பழைய சுகர் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து வெச்சு முன்அனுமதி கேளுங்க, மறுத்தா காரணத்த எழுத்துல வாங்குங்க, கம்பெனிக்கே புகார் எழுதுங்க, 30 நாள்ல சரியா பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனுக்குப் போடுங்க. சென்னைல ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.