உலகத்துலயே ரொம்ப கொடிய இயற்கை விஷம் எது, உடம்புக்குள்ள போனா என்ன பண்ணும்?

எவ்ளோ கம்மியா போனா ஆள் காலின்னு மட்டும் பார்த்தா பொட்டுலினம்தான், அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. காத்து புகாத இடத்துல வளர்ற ஒரு பாக்டீரியா உண்டாக்குற டாக்சின் இது. நரம்பு முனையில அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனம் வெளிய வந்தாத்தான் தசை அசையும், அதை வரவிடாம பண்ணிடும். மொதல்ல இமை தொங்கும், பாக்குறதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும், பேச்சு குழறும், எச்சில்கூட முழுங்க முடியாது, அப்புறம் கை காலு, கடைசியா மூச்சு விடுற தசை. இவ்ளோ நடந்தும் நினைவு தப்பாது, அதான் கொடுமை.

பொட்டுலினத்துல பல வகை இருக்கு, அதுல பி வகை நரம்புல எந்தப் புரதத்தை வெட்டி இந்த வேலையைப் பண்ணுதோ அதையேதான் டெட்டனஸ் டாக்சினும் வெட்டுது, ஆனா அது தசையை அடக்கி வைக்கிற நரம்புல போய் வெட்டுறதால கதை அப்படியே தலைகீழ், உடம்பு தளராம வில்லு மாதிரி வளைஞ்சு இறுகிடும். (1989ல அமெரிக்காவுல பொட்டுலினத்தையே மாறுகண்ணுக்கு மருந்தா அனுமதிச்சாங்க, இன்னைக்கு போடாக்ஸ்னு சொல்றது அதான்.)

ஆனா என்னைக் கேட்டா அளவை வெச்சு விஷத்தை வரிசைப்படுத்துறதே தப்பு. பொட்டுலினத்துக்கு ஆன்டிடாக்சின்ங்கிற மாத்து மருந்து இருக்கு, வென்டிலேட்டர்ல வெச்சா வாரக்கணக்குல மாசக்கணக்குல நரம்பு முனை புதுசா வளர்ந்து ஆள் எழுந்து வந்துடுவாரு. பஃபர் மீன்ல இருக்குற டெட்ரோடோடாக்சினுக்கு மாத்து மருந்தே கிடையாது, உதடு மரத்துப்போறதுல ஆரம்பிச்சு மூச்சை நிறுத்திடும், ஆனாலும் செயற்கையா மூச்சு குடுத்து மொத நாளைத் தாண்டிட்டா பெரும்பாலும் பொழைச்சுக்கலாம்.

நான் பயப்படுறது டெத் கேப் காளானுக்குத்தான். அதுல இருக்குற அமாடாக்சின் சமைச்சாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல, சில பேருக்கு அரை நாள் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி பின்னி எடுக்கும், அடுத்த நாள் திடீர்னு நின்னு போயிடும், சரியாயிடுச்சுன்னு ஆளு நிம்மதியா படுப்பாரு. அந்த நேரத்துலதான் அந்த அமாடாக்சின் கல்லீரல் செல்லுக்குள்ள ஆர்என்ஏ பாலிமரேஸ் 2ங்கிற என்சைமை முடக்கிட்டு இருக்கும், செல்லால புதுசா புரதம் செய்ய முடியாது, செத்துக்கிட்டே வரும். மூணாவது நாலாவது நாள் கண்ணு மஞ்சளாகும், ரத்தம் உறையாது, சில பேருக்கு கல்லீரல் மாத்துறதைத் தவிர வேற வழியே இருக்காது.

அதனால காட்டுக் காளான் சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வாந்தி வந்தா, அது நின்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, மிச்சம் இருக்குற காளானையும் கையோட எடுத்துட்டுப் போங்க.