பதின்ம வயதில் பிடித்துப்போன பங்க் ராக் என்ற முரட்டு வேக இசை, நாற்பது வயதைக் கடந்த பிறகும் பிடிக்குமா?

எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஆனால் அன்று கொண்டாடிய எல்லாமும் மிஞ்சவில்லை. பள்ளி நாட்களில் எனக்குப் பங்க் என்றாலே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் வசைதான். இப்போது அதைக் கேட்டால், லண்டன் கிங்ஸ் சாலையில் துணிக்கடை நடத்திக்கொண்டே அக்குழுவுக்கு மேலாளராக இருந்த மால்கம் மெக்லாரனின் வியாபார மூளைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. (அக்குழுவின் பாடகர் ஜானி ராட்டனின் குரலுக்கு மட்டும் விலக்கு உண்டு.)

ரமோன்ஸ் குழு அப்படியன்று. 1976-இல் வெளிவந்த அவர்களது முதல் தொகுப்பில் 14 பாடல்கள் உள்ளன. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஓடாது. கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றினாலும், கிதாரைக் கையில் எடுத்தால்தான் சங்கதி புரியும். மற்றவர்கள் கம்பிகளை மேலும் கீழுமாக மாறி மாறி மீட்டும் இடத்தில், ஜானி ரமோன் ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கியே அடிப்பார். அந்த வேகத்தில் அப்படி வாசித்தால், இரண்டு நிமிடப் பாட்டு முடிவதற்குள் எனக்கு முன்னங்கை இறுகிவிடுகிறது.

என்னை விடாமல் பிடித்திருப்பது வாஷிங்டன் நகரத்துப் பங்க்தான். 1980-இல் டீன் ஐடில்ஸ் என்ற இளைஞர் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல், அதைக் கொண்டே தங்கள் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அக்குழுவில் இருந்த இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் நடத்திய டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. உறை செய்யும் விதம் தெரியாததால், கைவசமிருந்த வேறொரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் விளிம்பைத் தாளில் வரைந்துகொண்டு, கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள்.

அதே மெக்கே பின்னர் ஃபுகாசி குழுவில் பாடியபோது, நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர்தான். வயது வரம்பும் கிடையாது. மது விற்பனையை நம்பிப் பிழைக்கும் அமெரிக்க விடுதிகளில் சிறுவர்களையும் உள்ளே விடச் சொல்வது சாமானியமான கோரிக்கை அன்று. கூட்டத்தில் எவராவது பிறரை இடித்து மிதித்து ரகளை செய்தால், பாட்டை நிறுத்தி, கண்டித்து, அதற்கும் அடங்காதவரிடம் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சொந்தத் தொழில் நடத்தி, விலை வைப்பதன் சங்கடத்தை அன்றாடம் அனுபவிக்கும் எனக்கு, அவர்களுடைய பாட்டைப் போலவே அந்தக் கணக்கும் பிடித்திருக்கிறது.

விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்க நினைத்தால், இந்த இரண்டு குழுக்களுக்கும் இடையில் மெக்கே பாடிய மைனர் திரெட் குழுவில் தொடங்குங்கள். அக்குழுவின் பதிவுகள் ஒரே குறுந்தட்டில் அடங்கிவிடும்.