பிறகு பார்ப்போம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் ஐயாவுக்கு,

நான் ஹட்டனில் ஒரு தன்னார்வ நிறுவனத்தில் களப் பணியாளராக இருக்கிறேன். கடந்த மாதம் சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்களுக்காக இனவாத எதிர்ப்புக் கல்வி என்ற தலைப்பில் மூன்று நாள் செயலமர்வு ஒன்றை நடத்தினோம். அமெரிக்கக் கைநூல் ஒன்றைத் தமிழாக்கிப் பயன்படுத்தினோம். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, கேள்விக்கு ஏற்ப ஓர் அடி முன்னேயோ பின்னேயோ வைக்கும் பயிற்சியில், தோட்டத்துப் பிள்ளைகள் சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து பயிற்சி நடத்த வந்த தமிழ் வளவாளர் ஒருவர், "தோட்டத்து ஆட்களுக்கு விளங்குமாறு இன்னும் கொஞ்சம் இறங்கிச் சொல்ல வேண்டும்" என்றார். தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி சட்டைப் பையிலிருந்து அரசாங்கத்திலிருந்து வந்த சிங்களக் கடிதம் ஒன்றை எடுத்து, வாசித்துச் சொல்லும்படி கேட்டான். அடுத்த அமர்வுக்கு நேரமாகிவிட்டதால் பிறகு பார்ப்போம் என்றேன். மறுநாள் அவன் வரவில்லை. நாற்பது பயனாளிகளில் இடையில் நின்றவன் அவன் ஒருவனே.

அறியாமைதான் இனவாதத்துக்குக் காரணம் என்றால், இத்தகைய செயலமர்வுகளால் அதைப் போக்க முடியுமா? 'இனவாத எதிர்ப்பு' என்பதை விட்டு 'நல்லிணக்கம்' என்று எழுதும்படி நிறுவனத்தில் சொல்கிறார்கள். எது சரி? வெளிநாட்டுப் பணத்தில் இதைச் செய்வதாக வீட்டிலும் ஏசுகிறார்கள். இந்த வேலையில் நான் தொடரலாமா?

ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் தாத்தாவின் தகரப் பெட்டியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் செயலமர்வுகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இந்த மலைகளில் தேயிலை வைத்ததே வெளிநாட்டுப் பணந்தான். பணம் தந்தவர்களுக்கு அனுப்பும் கணக்கைத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக் களத்திலும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், ஏச்சு பாதியாகக் குறையும். பதாகையில் எந்தச் சொல்லை எழுதுவது என்பதும் எனக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. ஆனால் 'பயனாளிகள்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். மூன்று நாள் கொழுந்துச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து உங்கள் மண்டபத்தில் உட்கார்ந்த பிள்ளை உங்களிடமிருந்து என்ன பயனைப் பெற்றது என்று அந்தத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

அறியாமைதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எழுதியவர்களும், அதற்காகக் கை உயர்த்தியவர்களும் அந்தக் காலத்தில் இந்த நாட்டிலேயே அதிகம் படித்தவர்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்ததையும், வேறு தொகுதிகளிலும் தோட்டத்து வாக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் அவர்கள் நன்றாகவே எண்ணிப் பார்த்திருந்தார்கள். 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தோடு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தபோதும் அறியாமை எங்கேயும் இருக்கவில்லை. கையெழுத்துத்தான் இருந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரும், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் தமிழரும் ஒருவரையொருவர் அறியாததால் நடந்தது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால், கையெழுத்துப் போட்டவர்கள் உங்கள் மண்டபத்தின் பின்கதவால் அமைதியாக வெளியே போய்விடுவார்கள்.

அந்த வளவாளரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்களை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சிங்களவர் கண்டுபிடிக்கவில்லை, அது தமிழ்ச் சொல். அதே நேரத்தில் எங்கள் தோட்டத்திலேயே எந்தச் சாதிக்கு எந்த லயம், யாருக்கு எந்தக் கோப்பை என்று ஒழுங்கு இருந்ததையும் நான் பார்த்து வளர்ந்தவன். இதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுத வேண்டும்.

பெட்டிக்கு வருகிறேன். 1977 ஓகஸ்ட் வன்செயல்களின்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் லயத்தை யாரும் எரிக்கவில்லை, ஆனால் மூன்று இரவுகள் தேயிலைக்குள் படுத்திருந்தோம். அந்த ஆண்டு முடிவதற்குள் கண்டியிலிருந்து ஒரு சிறு குழு தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது. எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் பேராதனையில் படித்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள அண்ணன். பெயரை எழுத அவரிடம் நான் அனுமதி பெறவில்லை. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் சாக்கை விரித்துக் குப்பி விளக்கை ஏற்றி வைத்து, எங்களுக்குச் சிங்கள எழுத்துச் சொல்லித் தருவார். பதிலுக்கு நாங்கள் அவருக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தர வேண்டும். அவருக்குப் பழம் 'பலம்' என்று வரும். எங்களுக்கு அது 'பளம்'. ஆகவே யாரும் யாரையும் திருத்தவில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்தை நாங்கள் 'நாடு' என்போம், அங்கிருந்து வருபவர் 'நாட்டாள்'. (நாங்கள் நான்கு தலைமுறையாக வாழ்ந்த இடத்துக்கு நாடு என்ற பெயரை நாங்களே வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.) நாட்டாள் ஒருவர் இஸ்தோப்பில் உட்காருவதை அம்மா விரும்பவில்லை. தேத்தண்ணீர் கொடுப்பார், முகம் கொடுக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை தாத்தா உள்ளறையான காம்பராவுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, விபூதிப் பொட்டலத்தோடு வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து அந்த அண்ணனிடம் கொடுத்தார். அது தனது பிரஜாவுரிமைக் கடுதாசி என்று அவர் நம்பியிருந்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கணக்கப்பிள்ளையிடம் ஒருமுறை காட்டியபோது, நல்ல கடுதாசிதான், பத்திரமாக வை என்றாராம். சங்கத் தலைவரிடம் காட்டியபோது, பிறகு பார்ப்போம் என்றாராம்.

அண்ணன் விளக்கை அருகே இழுத்து இரண்டு முறை வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய 7 ஆண்டுகள் இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். தாத்தா தன் தாய் படுக்கையில் கிடந்தபோது இந்தியாவிலுள்ள துறையூருக்குப் போய்ப் பதினான்கு மாதங்கள் நின்றுவிட்டார். ஆகவே விண்ணப்பத்தை நிராகரிக்கப் போகிறார்கள் என்றும், நிராகரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டுவதாக இருந்தால் குறித்த காலத்துக்குள் காட்ட வேண்டும் என்றும் அந்தத் தாள் சொல்லியது. தாத்தா கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை நாள் இருக்கு தம்பி?"

அந்தக் கெடு முடிந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த அண்ணன் அன்றைக்கு ஒற்றுமையைப் பற்றி எதுவும் பேசவில்லை. தன் இனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை விடிய வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்குப் போய், செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் அம்மாவின் பெயர் உள்ள பக்கங்களைப் பிரதி எடுத்துக் கையொப்பம் வாங்கினார். அதற்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவைத் தேடுவதற்கு நான்கு மாதங்களாயின. தாத்தா நாடற்றவராகவே இறந்துபோனார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சத்தியக் கடதாசி முடித்து அம்மா இலங்கைப் பிரஜையானபோது அந்தப் பிரதிகள் அதே பெட்டியில் தயாராக இருந்தன. அம்மாவின் முகத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, செக்ரோல் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து அந்த அண்ணனுக்குத் தேத்தண்ணீரோடு ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன.

உங்கள் கைநூல் அமெரிக்காவிலிருந்து வந்தது என்கிறீர்கள். அமெரிக்காவிலிருந்து எடுக்க வேறு சரக்கு இருக்கிறது. தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டிக் கறுப்பின மக்களை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். 1957 ஜனவரியில், அந்த மாநிலத்தின் ஜோன்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பேரோடு ஒரு வகுப்புத் தொடங்கியது. உள்ளூரில் அதற்காக அலைந்தவர் எசாவ் ஜென்கின்ஸ், பின்னால் நின்றது டென்னசியில் 1932இல் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளி, திட்டத்தை உருவாக்கியவர் செப்டிமா கிளார்க், வகுப்பெடுத்தவர் பெர்னிஸ் ரொபின்சன். ரொபின்சன் ஆசிரியை அல்லர், சிகையலங்காரம் செய்து பிழைத்தவர். வந்தவர்களிடம் அவர் முதலில் கேட்டது என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்பதுதான். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், தபாலில் சாமான் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். வகுப்பு அங்கிருந்து தொடங்கி வாக்காளர் பதிவு வரை போயிற்று. அதுவும் இனவாத எதிர்ப்புக் கல்விதான். கோட்டில் நிறுத்திப் பின்னால் அடி வைக்கச் சொல்வதில் என்ன இருக்கிறது? சுவர் வரை போன பிள்ளைகளுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது லயத்தில் பிறந்த அன்றே தெரியும்.

இங்கேயும் இது புதியதல்ல. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மை சட்டத்தையும் உரிமையையும் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளாரும் பங்கெடுத்து 1979இல் உருவான மேர்ஜ் (இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம்) அமைப்பின் முழுப் பெயரில் நீதியும் சமத்துவமும்தான் இருந்தன. நல்லிணக்கம் என்ற சொல் அதில் இல்லை. சொல்லைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மகளே, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒன்றரை வரியில் தாண்டிப் போன இடத்திலிருந்து என்னால் அசைய முடியவில்லை. அந்தத் தம்பியின் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தனக்கு விளங்காத மொழியில் அரசாங்கம் அனுப்பிய தாளை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உங்கள் மூன்று நாள் நிகழ்ச்சி நிரலில் அதைவிட நல்ல பாடம் எது இருந்தது? ஒரு சிங்களப் பிள்ளை அதை உரக்க வாசித்திருக்கலாம், ஒரு முஸ்லிம் பிள்ளை தமிழில் சொல்லியிருக்கலாம், எல்லோரும் சேர்ந்து தமிழிலேயே பதில் எழுதியிருக்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் தமிழில் கடிதம் பெறவும் தமிழில் பதில் கேட்கவும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. மறுத்தால் முறையிட 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டை எழுதும் கைகளில் ஒன்று சிங்களக் கையாக இருந்தால், ஒற்றுமையைப் பற்றி நீங்கள் தனியாக ஓர் அமர்வு வைக்கத் தேவையில்லை.

வேலையில் தொடர்வதா என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு பேசுவோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் அந்தத் தம்பியின் தோட்டமும் டிவிஷனும் இருக்கும். நாளைக்கே போங்கள். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, யார் கையிலோ சுற்றி, பிந்தித்தான் வந்து சேரும். உங்களிடம் நீட்டியபோதே அது பழைய கடிதமாக இருந்திருக்கலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முதலில் மேலே உள்ள திகதியையும் கடைசிப் பந்தியில் உள்ள கெடுவையும் வாசிக்கச் சொல்லுங்கள்.