கொலி குட்டியின் முகத்துப் புண்: தாய் தகப்பனுக்கு இல்லாதது குட்டிக்கு எப்படி?

வணக்கம். கோண்டாவிலில் இருக்கும் உங்கள் ஐந்து மாத ரஃப் கொலி இன நாய்க்குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் வால் நுனியிலும் முடி கொட்டிப் பொருக்கு விடுகிறது, தண்ணீர் குடிக்கும்போது சிந்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டு அண்ணை சொறி என்றாராம். சரி, இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் சிந்தல்தான் எனக்கு உறுத்துகிறது. டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற பரம்பரை அழற்சி நோய் தோலோடு தாடைத் தசையையும் பிடிக்கும். நெற்றிப்பொட்டைத் தடவிப் பாருங்கள், தசை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா?

மிருக வைத்தியரிடம் முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சொறிச் சிற்றுண்ணி, பூஞ்சணம் இல்லையென்றால் தோல்துண்டுப் பரிசோதனை. அதற்குள் யாரும் சொறிக்கென்று ஐவர்மெக்டின் ஊசி போட விடாதீர்கள். கொலிகளில் பலவற்றுக்கு எம்டிஆர்1 மரபணுக் குறை உண்டு, அந்த மருந்து மூளைக்குள் போய்விடும்.

தாய் தகப்பன் நல்லாத்தானே இருக்கின்றன என்று கேட்டீர்கள். இது ஒற்றை மரபணு விளையாட்டில்லை. கொலிகளிலும் ஷெட்லண்ட் நாய்களிலும் செய்த ஆய்வு 2017இல் மரபணுக்களில் ஆபத்தோடு தொடர்புள்ள மூன்று இடங்களைக் காட்டியது: பான்2, மாப்3கே7சிஎல், நோயெதிர்ப்புக்கான டிஎல்ஏ-டிஆர்பி1. ஆளுக்குக் கொஞ்சமாகச் சீட்டுக் காசு போடுவது போல, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து இன்னொன்றுமாகக் குட்டியில் சேரும்போதுதான் ஆபத்துக் கூடுகிறது. பிறகு வெயிலோ, காய்ச்சலோ தூண்டிவிடும். ஆகவே அதே சோடியை மறுபடி சேர்க்க வேண்டாம். இந்தக் குட்டிக்கும் கருத்தடை செய்துவிடுங்கள்.

பகலில் முற்றத்தில் கட்டாமல் விறாந்தையில் விடுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் பென்டொக்சிஃபிலின் மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.