கிரான் டூரிஸ்மோ 7: எந்த பார்ட்டை முதலில் வாங்குவது? கேள்வி பதில்

2022-ல் பிஎஸ்4, பிஎஸ்5-க்கு வந்த கார் ரேஸ் கேம் கிரான் டூரிஸ்மோ 7-ல் கஃபே மெனுக்களை (கேம் தரும் பணிகளின் பட்டியல்) முடித்துக்கொண்டு போகிறவர்கள், காருக்குப் பார்ட் விற்கும் ட்யூனிங் ஷாப் பற்றிக் கேட்டவை இவை.

கேள்வி: ப்ரோ, முதல் காரா அக்வா எடுத்தேன். கையில கொஞ்சம் கிரெடிட் (கேம் காசு) இருக்கு. இன்ஜின் பார்ட்டா, டயரா?

பதில்: டயர். ஃபிட், டெமியோ எடுத்திருந்தாலும் இதே பதில்தான். காரோடு வரும் கம்ஃபர்ட் டயரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பிடிப்பு கூடிய ஸ்போர்ட்ஸ் ஹார்ட் டயர் போடுங்கள். பவர் நேர்ரோட்டில் மட்டும்தான் கைகொடுக்கும். பிடிப்போ பிரேக்கில், வளைவுக்குள், வளைவை விட்டு வெளியேறும்போது என மூன்று இடத்திலும் நேரம் மிச்சம் பிடிக்கும். அதற்கு மேல் அந்தக் காரில் காசைக் கொட்டாதீர்கள். கஃபே மெனுக்கள் பரிசுக் கார்களைத் தந்துகொண்டே இருக்கும், பல ரேஸ்களில் மூன்றாம் இடமே போதும்.

கேள்வி: பிபி 450-னு போட்டிருக்கு, என் கார் 480. உள்ள விடுமா?

பதில்: பிபி என்பது காரின் மொத்தத் திறனுக்கு கேம் தரும் புள்ளி. அங்கே எழுதியிருப்பது பரிந்துரையா, வரம்பா என்று பாருங்கள். கஃபே ரேஸ்களில் பெரும்பாலும் பரிந்துரைதான், தாண்டினாலும் விடும். வேர்ல்ட் டூரிங் கார் 600, 700, 800 மாதிரியான ரேஸ் தொடர்களில் அது வரம்பு. 600.01 இருந்தாலும் நுழைய முடியாது.

கேள்வி: வணக்கம் அண்ணா. டயருக்கு அப்புறம் என்ன வரிசை? கடையில பட்டியல் நீளமா இருக்கு, எதை விடுறது எதை எடுக்கிறதுன்னே தெரியல.

பதில்: பிபி வரம்பு இருக்கும் ரேஸுக்கு பிபியைத்தான் பட்ஜெட்டாக நினைக்க வேண்டும், கிரெடிட்டை அல்ல. ஒவ்வொரு பார்ட்டும் எவ்வளவு பிபி ஏற்றுகிறது, அதற்கு ஈடாக லாப் நேரத்தில் என்ன தருகிறது என்பதுதான் கணக்கு.

டயருக்கு அடுத்து எடைக் குறைப்பு, முதல் இரண்டு ஸ்டேஜ் வரை. பிரேக், வளைவு, முடுக்கம் மூன்றும் சேர்ந்து முன்னேறும், டயர் தேய்வதும் குறையும். மூன்றாவதாக முழுதும் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷன். நடுவில் இருக்கும் ஸ்ட்ரீட், ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன்களை வாங்குவது வீண் செலவு, கடைசியில் எப்படியும் மேல்நிலையைத்தான் வாங்கப் போகிறீர்கள். கியர்பாக்ஸ், எல்எஸ்டி (இடது, வலது சக்கரங்கள் தனித்தனி வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் பாகம்) இரண்டுக்கும் இதே கதைதான். பிரேக் பேட் மலிவு, எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் போட்ட பிறகு வரம்புக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதோ அதை பவரால் நிரப்புங்கள். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முதலில். டர்போவில் லோ ஆர்பிஎம் (இன்ஜின் குறைந்த வேகத்தில் சுழலும்போது பவர் தரும்) வகை சின்ன வளைவுகள் நிறைந்த டிராக்குக்கு. ஹை ஆர்பிஎம் வகை நீண்ட நேர்ரோட்டுக்கு, குறைந்த ஆர்பிஎம்மில் அது தூங்கும். டர்போ வாங்கியதும் கார் மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் தப்பான வகையை வாங்கியவர்கள்.

டயரிலும் கவனம் வேண்டும். ரேசிங் சாஃப்ட் போட்டால் பிபி கணிசமாக ஏறும், அதை ஈடுகட்ட பவரைக் குறைக்க வேண்டி வரும். டயர் தேய்வு உள்ள நீண்ட ரேஸ் என்றால் சாஃப்ட் சீக்கிரம் தீரும், கூடுதலாக ஒரு பிட் ஸ்டாப் விழும். அங்கே ரேசிங் ஹார்ட்தான் பெரும்பாலும் லாபம்.

கேள்வி: எடைக் குறைப்பு வாங்கிட்டேன், கழட்ட முடியலையே?

பதில்: முடியாது. எடைக் குறைப்பு, பாடி ரிஜிடிட்டி (பாடியை விறைப்பாக்குவது), இன்ஜினுக்குள் செய்யும் போர் அப், ஸ்ட்ரோக் அப், போர்ட் பாலிஷ், இன்ஜின் பேலன்ஸ், ஹை லிஃப்ட் கேம் எல்லாம் நிரந்தரம். வாங்கும்போது வரும் எச்சரிக்கையை வாசிக்காமல் எக்ஸ் பட்டனை அழுத்திவிடுகிறோம், அதுதான் சிக்கல். குறைந்த பிபி ரேஸுக்கென்று வைத்திருக்கும் காரில் இவற்றைத் தொடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், பிபியைக் குறைக்க பாலஸ்ட் (காரில் கூடுதலாக ஏற்றும் எடை) வாங்குங்கள். 200 கிலோ வரை ஏற்றலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன் இன்ஜின் காரில் எடையைப் பின்னால் தள்ளினால் முன்பக்கச் சுமை குறையும்.

கேள்வி: பிபியைக் குறைக்க பவர் ரெஸ்ட்ரிக்டர், ஈசியூ, பாலஸ்ட் மூணும் இருக்கே, எது நல்லது?

பதில்: மூன்றும் ஒரே வேலை செய்வதுபோல் தெரியும், ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இன்ஜின் பவரை மட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் மேல் ஆர்பிஎம் பவரைத்தான் அதிகம் வெட்டும், குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் (இழுவிசை) பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால் முதலில் இன்ஜினுக்கு நிறைய பவர் ஏற்றி, பிறகு ரெஸ்ட்ரிக்டரால் உச்சியைச் சீவினால், அதே பிபியில் வளைவை விட்டு வெளியே வரும்போது இழுவை கூடும். இப்படி அமைத்தால் ரெட்லைன் (ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோடு) வரை இழுக்காதீர்கள், கொஞ்சம் முன்பே கியர் மாற்றுங்கள். பெட்ரோலும் மிச்சம்.

சரிசெய்யக்கூடிய ஈசியூவில் பவரை இறக்கினால், அது எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே சீராகக் குறைக்கும். பின்சக்கரம் சுழன்று தொல்லை தரும் காருக்கு அதுதான் சரி. பாலஸ்ட் கடைசி வழி, சில புள்ளிகளை மட்டும் சரிக்கட்ட. பாயின்ட் கணக்கில் துல்லியமாக நிறுத்த ஈசியூவை ஒவ்வொரு சதவீதமாக அசைத்துப் பாருங்கள்.

கேள்வி: பின்சக்கர டிரைவ் கார், டர்போ போட்டதும் வளைவு முடிஞ்சதும் சுத்திடுது. டிசிஎஸ் (சக்கரம் வழுக்காம தடுக்கும் உதவி) 3-ல வச்சா மெதுவா போகுது.

பதில்: எல்எஸ்டிதான் மருந்து. முழுதும் சரிசெய்யக்கூடிய எல்எஸ்டியில் மூன்று எண்கள் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சக்கரங்கள் எவ்வளவு பூட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டும் ஆக்ஸிலரேஷன் சென்சிடிவிட்டியை 20 பக்கம் இறக்குங்கள். அதிகமாக வைத்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பிடிப்பை விடும், கார் சுற்றுவது அதனால்தான். எப்போதும் இருக்கும் அடிப்படைப் பூட்டான இனிஷியல் டார்க் 5 முதல் 10. பிரேக் போடும்போதான பூட்டான பிரேக்கிங் சென்சிடிவிட்டி குறைந்தால் வளைவுக்குள் எளிதில் திரும்பும், ஆனால் பிரேக்கில் வால் ஆடும். ஆடினால் 20 வரை ஏற்றுங்கள். டிசிஎஸ்ஸை 1-க்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஸ்டியரிங் திருப்பினாலும் நேராவே போகுது!

பதில்: இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் டார்க் வெக்டரிங் சென்டர் டிஃபரன்ஷியல் வாங்கி முன் பின் பங்கீட்டை 30:70 அளவுக்குப் பின்னால் தள்ளுங்கள். வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரில் முன் பாரை ஒரு புள்ளி குறைத்து, பின் பாரை ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேள்வி: அண்ணே, காரை அடிமட்டம் வரைக்கும் இறக்கினேன், பார்க்க கெத்தா இருக்கு. நூர்பர்க்ரிங்ல மட்டும் பறக்குது.

பதில்: சஸ்பென்ஷன் அடியில் போய் முட்டுகிறது. நூர்பர்க்ரிங்கின் மேடு பள்ளம் உள்ள நோர்ட்ஷ்லைஃபே டிராக்கில் 15 முதல் 20 மிமீ உயர்த்துங்கள், நேச்சுரல் ஃப்ரீக்வென்சியை (ஸ்பிரிங் விறைப்பு) சற்றுக் குறையுங்கள். கெத்து வேண்டுமென்றால் கேமின் ஃபோட்டோ பகுதியான ஸ்கேப்ஸில் படம் எடுக்கும்போது இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: வேர்ல்ட் டூரிங் கார் 700-ல வர்ற லெ மான் ரேஸ்ல மழை வந்துச்சு. பிட்டுக்குப் போனா இன்டர்மீடியட் (லேசான மழைக்கான) டயரே காட்டல.

பதில்: ரேஸுக்கு முன்பே அந்தக் காருக்கு வாங்கியிருக்க வேண்டும். கையில் இல்லாத டயரை பிட்டில் தரமாட்டார்கள். 30 நிமிட ரேஸ், வானிலை மாறும், எனவே இன்டர்மீடியட் ஒரு செட், பலத்த மழைக்கான ஹெவி வெட் ஒரு செட் கட்டாயம். மழை மேகத்தைக் காட்டும் ரேடாரைத் திரையில் திறந்து வைத்திருங்கள். கூடவே கியர்பாக்ஸையும் பாருங்கள். நீண்ட நேர்ரோட்டின் பாதியிலேயே ரெவ் லிமிட்டரில் (ஆர்பிஎம்மின் உச்ச வரம்பு) முட்டினால் கியர்பாக்ஸில் டாப் ஸ்பீடை உயர்த்துங்கள். ஆறாவது கியர் பிரேக் போடும் இடத்துக்குச் சற்று முன் உச்சிக்கு வர வேண்டும், அதுதான் சரியான அளவு.

கேள்வி: நேத்து 599.8 இருந்த கார் இன்னைக்கு 600-ஐத் தாண்டி நிக்குது. ஒண்ணுமே மாத்தல!

பதில்: ஆயில் மாற்றினீர்களா? பழைய ஆயிலில் பவர் குறைந்திருக்கும், அந்தக் குறைந்த பவருக்குத்தான் நீங்கள் பிபி அமைத்திருப்பீர்கள். கேமின் சர்வீஸ் கடையான ஜிடி ஆட்டோவில் ஆயில் மாற்றியதும் பவர் திரும்ப வந்து பிபி ஏறும். முதலில் ஆயில், பிறகுதான் ஈசியூ. யூஸ்டு கார் கடையில் வாங்கிய வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

கேள்வி: இன்ஜின் ஸ்வாப் (வேற காரோட இன்ஜினைப் போடுறது) இப்பவே பண்ணலாமா?

பதில்: கலெக்டர் லெவல் (கார் சேர்க்கச் சேர்க்க ஏறும் நிலை) 50-க்கு முன் கடையில் வாங்க முடியாது. அதுவரை வேர்ல்ட் டூரிங் கார் 600-ன் டோக்கியோ ரேஸை ஓட்டுங்கள். 12 லாப், சுவரிலும் காரிலும் மோதாமல் முதலில் வந்தால் கிளீன் ரேஸ் போனஸ் சேர்த்து 8,25,000 கிரெடிட். போனஸே 50 சதவீதம், ஆகவே அங்கே வேகமான காரைவிட அடங்கி ஓடும் காரே அதிகம் சம்பாதிக்கும். பவரில் 10 பிபி குறைத்து அதைப் பிடிப்பில் போடுங்கள்.