பெட்ரோல் மீட்டரில் கடைசிக் கோடு மினுக்கிய பிறகு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

கேள்வி: பெங்களூரு விவேக் நகரில் இருக்கிறேன். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி பைக், எஃப்.ஐ. (பெட்ரோலை எஞ்ஜினுக்குப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி, டேங்க் 15 லிட்டர். அப்பப்போ 200 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டு ஓட்டுகிறேன். போன மாதம் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது மீட்டரில் கடைசிக் கோடு மினுக்க ஆரம்பித்த பிறகும் 60 கிலோமீட்டர் ஓடியது. அந்தத் தைரியத்தில் இந்த வெள்ளிக்கிழமையும் ஓசூரில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். இந்த முறை மினுக்கி 45 கிலோமீட்டரிலேயே, அத்திப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், மழையில் வண்டி நின்றுவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டதா சார்? மினுக்கினால் எவ்வளவு தூரம் நம்பிப் போகலாம்?

பதில்: நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், மழையில் வண்டியைத் தள்ளுவது ஆபத்தான வேலை. பத்திரமாக வீடு சேர்ந்தீர்களே, அதுவே பெரிது. உங்கள் மீட்டர் அநேகமாகக் கெடவில்லை. 60-ம் சரி, 45-ம் சரி. எப்படி என்று சொல்கிறேன்.

டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை ஒன்று இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதுவும் இறங்கும். மீட்டர் காட்டுவது அந்த மிதவை நிற்கும் உயரத்தைத்தான், லிட்டரை அல்ல. பைக் டேங்க் சதுரப் பெட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் டேங்க், சேஸிஸ் குழாயின் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருக்கிறது. மேலே அகலம், அடியில் நடுவே பள்ளம். அதனால் மேல் கோடுகள் மெதுவாகக் குறையும், கீழ்க் கோடுகள் மடமடவென்று இறங்கும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி மீட்டர் தப்பாகக் காட்டும். சமதரையில் வண்டியை நிமிர்த்தி, சாவி போட்டு, சில விநாடி பொறுத்துப் பார்ப்பதுதான் கணக்கு.

எஃப்.ஐ.க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்தக் குழப்பம் குறைவு. டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் இருக்கும். வண்டி திக்கினால் ஓட்டிக்கொண்டே இடது கையால் ரிசர்வுக்குத் திருப்பிவிடலாம். இனி இருப்பது இவ்வளவுதான் என்று கைக்கே தெரிந்துவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகள் எஃப்.ஐ. ஆகிவிட்டன, காக்கும் போய்விட்டது. மினுக்கும் கோடு மட்டும்தான் மிச்சம். அது எத்தனை லிட்டரில் மினுக்குகிறது என்பதை நாம்தான் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் 200 ரூபாய் பழக்கம் உங்களைக் கவிழ்க்கிறது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட ஊரில் அது இரண்டு லிட்டர்கூட வராது. டேங்க் எப்போதும் அடிமட்டத்திலேயே கிடக்கும். எங்கிருந்து எண்ணுவது என்ற தொடக்கமே இல்லாததால், பூஜ்யமாக்கிய இடத்திலிருந்து தூரம் எண்ணும் ட்ரிப் மீட்டரும் உதவாது. ஒரே ஒரு முறை டேங்கை நிரப்புங்கள். வண்டியை நேராக நிறுத்தி, மூடிக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியின் அடி விளிம்பு வரை போதும். அதற்கு மேல் தளும்பத் தளும்ப ஊற்றினால், வெயிலில் பெட்ரோல் விரிய இடம் இருக்காது. பி.எஸ்.6 வண்டியில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் டப்பாவுக்குள்ளும் பெட்ரோல் போய்விடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி வழக்கம்போல ஓட்டுங்கள். கோடு மினுக்க ஆரம்பித்ததும் தாமதிக்காமல் பங்க்குக்குப் போய், முடிந்தால் முன்பு போட்ட அதே பங்க்கில், அதே அளவுக்கு நிரப்புங்கள்.

உதாரணத்துக்கு, ட்ரிப் மீட்டரில் 528, பங்க்கில் பிடித்தது 13.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 528-ஐ 13.2-ஆல் வகுத்தால் மைலேஜ் 40. டேங்க் 15 லிட்டர் என்பதால், மினுக்கும்போது உள்ளே இருந்தது 1.8 லிட்டர். அடியில் பம்ப் உறிஞ்ச முடியாமல் தங்கும் பெட்ரோலுக்கும் நம் கணக்குப் பிழைக்கும் சேர்த்து அரை லிட்டரைக் கழித்துவிடுங்கள். கையில் இருப்பது 1.3 லிட்டர். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்தால் அதே வண்டி 35 தரும் என்றால் 45 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 50 தந்தால் 65. உங்கள் இரண்டு அனுபவங்களும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன, பார்த்தீர்களா? ஆகவே எப்போதும் மோசமான மைலேஜை வைத்தே கணக்குப் போடுங்கள். உங்கள் வண்டியின் உண்மையான எண் தெரியும்வரை, மினுக்கினால் 25 கிலோமீட்டருக்குள் பங்க் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் போகும் பாதைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குப் போகப் போகச் சாலை நன்றாகவே இறங்குகிறது. போகும்போது கிடைத்த மைலேஜை நம்பித் திரும்பி வராதீர்கள். ஞாயிறு இரவு ஏறிவரும்போது குறையும். பின்னால் ஆள் இருந்தால் இன்னும் குறையும். 90-ல் ஓட்டினால் 60-ல் ஓட்டுவதைவிட எதிர்க்காற்றின் தடை இரண்டேகால் மடங்கு. இறக்கத்தில் எஞ்ஜினை அணைத்து உருட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான எஃப்.ஐ. வண்டிகளில் கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். அணைப்பதால் மிச்சம் ஒன்றுமில்லை, எஞ்ஜின் பிரேக்கையும் இழப்பீர்கள்.

சில வண்டிகள் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்றே காட்டும். சற்று முன் ஓடிய மைலேஜை வைத்துப் போடும் கணக்கு அது. சிக்னலில் நின்றால் குறையும், நெடுஞ்சாலையில் ஏறும். கம்பெனி சொல்லும் மைலேஜையும் அப்படியே எடுக்காதீர்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நீங்கள் அளந்து எடுத்த எண்தான் உங்களுக்கு உண்மை.

நிரப்பிய அன்று மீட்டரையும் சோதித்துவிடலாம். எல்லாக் கோடும் வர வேண்டும். வராவிட்டாலோ, அரை டேங்கில் திடீரென்று பூஜ்யத்துக்குப் போய் வந்தாலோ, மிதவைக் கம்பி வளைந்திருக்கும் அல்லது சென்சார் தேய்ந்திருக்கும். பழைய வண்டி என்பதால் மெக்கானிக்கிடம் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டேங்கை வற்றவிடுவதில் எனக்குப் பெரிய கவலை பம்ப். எஃப்.ஐ. வண்டியில் அது டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சூடாகாமல் காப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். காற்றை உறிஞ்சி ஓடினால் சீக்கிரம் தேயும். புதிதாக மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அடியில் தங்கியிருக்கும் தண்ணீரும் துருவும் கடைசியில்தான் உள்ளே இழுபடும்.

இனி எப்போதாவது நின்றுவிட்டால் செல்ஃபைப் போட்டு அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரியும் போகும். குறைந்தது ஒரு லிட்டர் ஊற்றியபின் சாவியைப் போடுங்கள். பம்ப் ‘உய்’ என்று இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். சாவியை அணைத்து, மறுபடி போடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் குழாய்க்குள் பெட்ரோல் ஏறிவிடும். அப்புறம் ஸ்டார்ட் செய்து நேராகப் பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்புங்கள், ட்ரிப் மீட்டரை அங்கேயே பூஜ்யமாக்குங்கள்.