ஏடு படிக்கும் பிள்ளைக்கு எதற்கு மூன்றாவது நீட்?

மகளுக்கு மருத்துவமும் பிடிக்கிறது, பழைய ஓலை ஏடுகளும் பிடிக்கின்றன. அவளுடைய மாமாவோ மூன்றாம் முறை நீட், இல்லையேல் வீட்டை அடமானம் வைத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டாக வீடு படும் பாடு புரிகிறது ஐயா. ஆனால் அடமானம் கூடவே கூடாது. அங்கே பல இடங்களில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மாமா ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை.

மருத்துவமும் ஏடும் என்று அவளே சொல்லும்போது, இரண்டும் சேர்ந்த மருத்துவச் சுவடி ஆய்வை ஏன் யாரும் பார்க்கவில்லை? சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997லேயே யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்துக் கண் நோயாளிக் குறிப்புகள், வண்ணம் தீட்டிய கண் படங்களோடு இருக்கின்றன. படத்தில் இருப்பது என்ன நோய் என்று சொல்ல இன்றைய கண் மருத்துவர் வேண்டும். அரண்மனைப் பதிவுகள் மோடி என்னும் பழைய மராத்திக் கையெழுத்து வடிவில் இருக்கின்றன, அவற்றைப் படிக்க வேறொருவர் வேண்டும். தனி ஆளால் முடிகிற வேலையே இல்லை இது.

வேலை எப்படி இருக்கும்? அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்து ஏட்டின் இரு புறமும் படமெடுப்பார்கள். எழுத்து மங்கியிருந்தால் அதற்கு முன்பே மை தடவ வேண்டியிருக்கும். பிறகு உள்ளது உள்ளபடி, வரிக்கு வரி பெயர்த்தெழுத வேண்டும். ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். அதனால் ‘பால்’ என்பதைப் ‘பரல்’ என்றும் படிக்கலாம். ‘தேன்’ ‘தென’ என்றே கிடக்கும். ‘௭’ எகரமா ஏழா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். சித்த மருத்துவக் கணக்கில் பலம் 35 கிராம், வராகன் எடை 4.2 கிராம், எண்ணை மாற்றிப் படித்தால் மருந்தே மாறிவிடும். பூரம், வீரம் என்ற மருந்துச் சரக்குகள் இரண்டும் பாதரச உப்புகள்தான், ஆனால் வீரம் கொடிய நஞ்சு.

கூட்டாய்வு பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: சித்த மருத்துவருக்கு அந்த மருந்து முன்பே தெரியும், ஏட்டில் இல்லாத சரக்கைத் தாமே ‘திருத்தி’ச் சேர்த்துவிடுவார். அதனால் உள்ளபடி பெயர்த்தது ஒரு கோப்பு, சொல் பிரித்துப் படித்தது இன்னொன்று, மூலிகை அடையாளம் மூன்றாவது என்று தனித்தனியே இருக்க வேண்டும். எந்த முடிவை யார் எடுத்தார்கள் என்ற குறிப்பும் வேண்டும். ‘சுரம்’ (காய்ச்சல்) என்று கண்டதும் டைபாய்டு என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க வரலாறு படித்தவர் ஒருவர் குழுவில் இருப்பது நல்லது.

உயிரியல் படித்த பெண் என்பதால் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் சேருங்கள். செலவு கையைக் கடிக்காது. கூடவே தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் சுவடியியல் பட்டய வகுப்பு அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். முதுகலையில் தாவரவியலா தமிழா என்பதை அப்போதே யோசித்து எடுக்க வேண்டும், ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வு (நெட்) அந்தப் பாடத்தை ஒட்டித்தான் அமையும். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, திட்டப் பணிகள் ஒப்பந்தத்தில் ஓடி முடிந்துவிடும். ஆகவே பி.எட். வழியையோ கணினித் திறனையோ கைவிட வேண்டாம்.

முதலில் அவள் மனம் இதில் நிற்கிறதா என்று பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சுவடிப் படங்கள் இருக்கின்றன. பத்து ஏடுகளை இந்த விடுமுறையில் பெயர்த்தெழுதட்டும். மூன்றாவது ஏட்டிலேயே சலித்தால் வேறு படிப்பு பேசுவோம். பத்தாவதைத் தாண்டிப் பதினொன்றை அவளே தேடி எடுத்தால், மாமாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், அவளைப் பேசவிடாதீர்கள்.